பஸ் போகிற தூரம்

போன வாரம் வடலூரிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் கைப்பேசியில் ஏதோ படம் பார்த்துக்கொண்டு வந்தார். சத்தத்தைக் குறைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த என் காதில், "உள்ள வரலாமாம்மா?" என்று ஒரு ஆண் குரல் விழுந்தது. கனத்த, தேர்ந்த குரல். குரல் எனக்கு அந்நியம். ஆனால் அந்த வரி தெரியும். திரும்பிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத் திரையில், கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நின்றிருந்தீர்கள்.

அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தினி தடவ பாத்தாலும் இந்த எடத்துல தாங்க மாட்டேங்குதுங்க. இந்தப் பெரியவரு நம்ம நெய்வேலிக்காரராம், மைன்ஸ்ல இருந்தவராம். நெசமாவே பொண்ண வுட்டுட்டுப் போன மனுசன் மாதிரியே நிக்கறாரு பாருங்க" என்றார்.

"ஆமாங்க" என்றேன். முகம் சுட்டது. எங்கள் நிறுத்தத்துக்கு முந்திய நிறுத்தத்திலேயே இறங்கி, வெயிலில் நடந்து வீடு சேர்ந்தேன். நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் உங்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், நான் இறங்கிப் போக ஒரு நிறுத்தம் தேடுகிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மற்றப் பிள்ளைகளுக்கு அப்பா இல்லையென்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. எலிசபெத்தின் அப்பா இறந்துவிட்டார். கூடப் படித்த இன்னொருத்தியின் அப்பா குவைத்தில் இருந்தார். நீங்கள் எங்கேயும் போகவில்லை. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எங்களை விட்டுவிட்டு, சுரங்கத்துக் கேன்டீனில் வேலை பார்த்த ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டீர்கள். கம்பெனி குவார்ட்டர்ஸ் உங்கள் பெயரில் இருந்தது. அதனால் போக வேண்டியவர்கள் நானும் அம்மாவும்தான். மந்தாரக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். அம்மா தையல் மெஷினைப் போட்டு ஜாக்கெட் தைக்க ஆரம்பித்தாள். நீங்கள் டவுன்ஷிப்பில் வேறொரு பிளாக்குக்கு மாற்றிக்கொண்டு போனீர்கள் என்று கேள்விப்பட்டோம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு டவுன் பஸ் போகிற தூரம்.

நீங்கள் இந்த வாரம் எந்த ஷிப்ட் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஷிப்ட் பஸ் அந்தச் சாலையில் வரும். "ரோசி, அதோ உங்கப்பா" என்று யாராவது சொல்வார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அப்பா போனால் பிள்ளையிடம் சொல்வார்களே, அப்படித்தான். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவேன். பஸ் போன பிறகு நிமிர்வேன். நீங்கள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தீர்களா, என்னைப் பார்த்தீர்களா என்பது எனக்குத் தெரியாது. பார்க்கவேண்டும் என்றுதான் ரிப்பனைச் சரிசெய்துகொண்டு கிளம்புவேன். பஸ் வந்ததும் குனிந்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நீங்களும் வருவீர்கள். உள்ளே வரமாட்டீர்கள். மாதா கோவில் வாசலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில், சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். நற்கருணை வாங்குகிற தகுதி இல்லையென்று நீங்களே முடிவு செய்துகொண்டீர்களோ, சாமியார் சொன்னாரோ. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மரத்தைச் சுற்றி அடுத்த பக்கமாகப் போவாள். "நாம எதுக்குடி தலையக் குனியணும்? தப்பு பண்ணவங்க குனியட்டும்" என்பாள். சொல்லும்போது அவளே கீழே பார்த்துக்கொண்டுதான் நடப்பாள்.

என் கல்யாணத்தன்றும் நீங்கள் அதே மரத்தடியில்தான் நின்றீர்கள். மாமா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். வெள்ளைச் சேலையும் தலையில் பூமுடியுமாக உங்களைக் கடந்து போனபோது நீங்கள் புதுச் சட்டை போட்டிருந்ததைப் பார்த்தேன். மடிப்புக் கலையாத சட்டை. அழைக்காத கல்யாணத்துக்காகக் கடைக்குப் போய் வாங்கியிருக்கிறீர்கள். அப்போது எனக்கு வந்தது கோபமில்லை. வந்தவர்கள் எல்லாம் அந்தச் சட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்களே என்ற கூச்சம்தான்.

பிறகு அம்மா போய்ச் சேர்ந்தாள். கொஞ்ச வருஷத்தில் உங்களோடு இருந்தவரும் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மந்தாரக்குப்பத்திலேயே ஒரு ஒற்றை அறைக்கு வந்துவிட்டீர்கள். அப்புறம் எங்கள் வீட்டுக்கும் உங்கள் அறைக்கும் நடுவில் பஸ் கூடத் தேவைப்படவில்லை. நான் வேலை பார்க்கிற மருந்துக்கடைக்கு மட்டும் நீங்கள் வந்ததில்லை. சர்க்கரை மாத்திரை வாங்க எதிர்ச்சாரிக் கடைக்குப் போவதைக் கவுன்டரிலிருந்து பார்ப்பேன்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். என் கணவர்தான் பார்த்தார். சுரங்கத்தின் பெல்ட் செக்ஷனில் கான்ட்ராக்ட் வேலை முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர், எந்தத் தயக்கமும் இல்லாமல், "உள்ள வாங்க மாமா" என்றார். அவர் அத்தனை சுலபமாக மாமா என்று கூப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றீர்கள். "இருக்கட்டும் மாப்ள. ரோசிகிட்ட ஒரு ஒதவி கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் கதவோரம் வந்தேன்.

"டவுன்ஷிப்புல படம் எடுக்கறாங்கம்மா. எனக்கு ஒரு சீன் குடுத்துருக்காங்க. கண்ணுல பொரை வுழுந்துகினு இருக்கு, எழுத்து தெரியல. நீ படிச்சுக் காட்டுனா கேட்டுகினே மனப்பாடம் பண்ணிக்குவேன்."

"படிச்சுக் காட்ட வேற யாரும் இல்லையா?"

"இல்ல" என்றீர்கள். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினீர்கள்.

நின்றபடியே படித்தேன். சின்ன வயதில் மகளை விட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் போன ஒருவன், கிழவனாகித் திரும்பி வந்து, மகளின் வீட்டு வாசலில் நிற்கிறான். உள்ளே வரலாமா என்று கேட்கிறான். அவள் கோபப்படுகிறாள், அழுகிறாள், கடைசியில் கதவைத் திறக்கிறாள். அவன் அவள் தலையில் கை வைக்கிறான். ஒரே ஒரு காட்சி. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"இது நீங்க சொல்லி எழுதுனதா?"

"ஐயோ, மாதா மேல சத்தியமா இல்லம்மா. டீக்கடையில உக்காந்துகினு இருந்தேன். ஒரு தம்பி வந்து மொகத்தையே பாத்துச்சு. 'ஐயா நடிப்பீங்களா'ன்னுச்சு. ரெக்ரியேஷன் கிளப்புல நாடகம் போட்டிருக்கேன்னு சொன்னேன். கத இதுன்னு அப்பறம்தான் தெரியும்."

"தெரிஞ்சப்புறம் வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்." என் கையிலிருந்த தாளைக் காட்டினீர்கள். "நடிக்கணும்னு ஆசைம்மா."

வேறு எது சொல்லியிருந்தாலும் கதவைச் சாத்தியிருப்பேன். என்னிடம் வர இதுதான் வழியென்று சொல்லியிருந்தால் கட்டாயம் சாத்தியிருப்பேன். ஆசை என்றதும் என்ன செய்வதென்று தெரியவில்லை. உங்கள் ஆசைகளால்தான் நாங்கள் அப்படி ஆனோம். இந்த ஆசையோ சின்னப் பிள்ளையின் ஆசை மாதிரி இருந்தது. என் கணவர் நாற்காலியை எடுத்துப் போட்டார்.

சில நாள் சாயங்காலம் தொடர்ந்து வந்தீர்கள். நான் மகளின் வசனத்தைப் படிப்பேன், நீங்கள் அப்பாவின் வசனத்தைச் சொல்வீர்கள். மகளுக்கு எழுதியிருந்த முதல் சொல்லே 'அப்பா'தான். மருந்துச் சீட்டில் இருக்கிற பெயரை வாடிக்கையாளருக்குப் படித்துச் சொல்வதுபோல அதைச் சொன்னேன். எட்டு வயதுக்குப் பிறகு என் வாயில் அந்தச் சொல் உங்களைப் பார்த்து வந்தது அப்போதுதான். உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். நீங்கள் தண்ணீர் கேட்டீர்கள்.

"இத்தன வருஷமா எங்க இருந்தீங்க?" என்பது அடுத்த வரி. அதற்கு நீங்கள், 'கடல் தாண்டிப் போயிட்டேம்மா, திரும்பி வர வழி தெரியல' என்று சொல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் வந்து நின்றுவிடுவீர்கள். மறதி என்று நினைத்து நான் எடுத்துக் கொடுப்பேன். மூன்றாவதோ நாலாவதோ நாள், எடுத்துக் கொடுப்பதற்கு முன்னாலேயே நீங்கள் பேசினீர்கள்.

"இந்த வரிதாம்மா வாயில வர மாட்டேங்குது. இவனுக்கு கடல் இருக்கு. எனக்கு இன்னா இருக்கு? பஸ்ஸு போற தூரத்துலதான் இருந்தேன்."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் உள்ளேயிருந்து, "டீ போடட்டுமா மாமா?" என்று கேட்டார். நீங்கள் வேண்டாமென்று எழுந்தீர்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "நாளான்னிக்கு ஷூட்டிங். முடிஞ்சா வா. இல்லன்னாலும் பரவால்ல" என்றீர்கள்.

கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தேன். ஆளில்லாமல் கிடந்த ஒரு பிளாக்கில், இடிக்காமல் விட்டுவைத்திருந்த பழைய குவார்ட்டர்ஸ் ஒன்றுக்கு மஞ்சள் வண்ணமடித்து, புது இரும்புக் கேட் மாட்டி வீடாக்கியிருந்தார்கள். கயிறு கட்டிக் கூட்டத்தை நிறுத்தியிருந்தார்கள். பாதிப் பேர் உங்களோடு வேலை பார்த்தவர்கள், அவர்கள் குடும்பங்கள். நான் பின்னால், ஒரு ஜீப்பின் நிழலில் நின்றேன். உங்களுக்குக் கசங்கின சட்டை கொடுத்து, தலையைக் கலைத்துவிட்டிருந்தார்கள். மகளாக நடித்த பெண்ணுக்கு ஒருத்தி குடை பிடித்துக்கொண்டிருந்தாள். அழகான பெண். உங்களைப் பார்த்துச் சிரித்தாள், காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எனக்குப் பொறாமை வந்தது. நாற்பது தாண்டியவள் நான்; அவள் சும்மா நடிக்க வந்தவள் என்று தெரிந்தும் வந்தது. அதை நினைத்து அங்கேயே வெட்கப்பட்டேன்.

வசனம் எல்லாம் தடுமாறாமல் சொன்னீர்கள். கடல் தாண்டிப் போனதையும் சொன்னீர்கள். அந்தப் பெண் கதவைத் திறந்து அழுதுகொண்டு வந்து நின்றாள். நீங்கள் கையைத் தூக்கினீர்கள். தலைக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றுவிட்டது. மறுபடி எடுத்தார்கள். மறுபடி நின்றது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. டைரக்டருக்குப் பொறுமை போய், மைக்கிலேயே கத்தினார்: "பெரியவரே, சொந்தப் பொண்ணா நெனச்சு வைங்க! உங்க வீட்டுல பொண்ணே இல்லையா?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். உங்கள் பழைய ஷிப்ட் ஆள் ஒருவர், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர், உரக்கச் சொன்னார்: "சார், அவரு சொந்தப் பொண்ணு இங்கதான் நின்னுகினு இருக்கு. அதக் கூப்ட்டு நிக்க வைங்க, நல்லா வரும்!"

எல்லாத் தலையும் திரும்பியது. ஜீப்பின் நிழல் என்னை மறைக்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சாலையில் குனிந்ததுபோலக் குனிய லேஸும் இல்லை. டைரக்டரோடு இருந்த தம்பி கயிற்றைத் தாண்டி என்னிடம் வந்தான். "மேடம், நீங்கதான் மகளா? கொஞ்சம் வந்து பேசுங்க, ரிலாக்ஸ் ஆயிடுவாரு."

நான் ஜீப்போடு ஒட்டி நின்றேன். அதற்குள் அங்கிருந்து நீங்கள் சொன்னீர்கள். சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி: "அது என் பொண்ணு இல்லீங்க. தெரிஞ்சவங்க. வுடுங்க, பாவம்."

பொய்யென்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஆனாலும் யாரும் மறுக்கவில்லை. தம்பி, "சாரி மேடம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன் நான். அந்த மூச்சு வெளியே போன பிறகுதான் நீங்கள் சொன்னது காதில் ஏறியது. அது என் பொண்ணு இல்லீங்க. எத்தனையோ வருஷம் நீங்கள் நடந்துகொண்டது அப்படித்தான். வாய் விட்டுச் சொன்னதில்லை. எனக்காகத்தான் இப்போது சொன்னீர்கள், என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னீர்கள் என்று புரிந்தும், வலித்தது.

அடுத்த டேக்கில் உங்கள் கை அந்தப் பெண்ணின் தலைமேல் இறங்கியது. அப்படியே நின்றது. எடுக்கவே மறந்துவிட்டீர்கள். கட் சொன்ன பிறகும் கை அங்கேயே இருந்தது. கை தட்டினார்கள். நீங்கள் திரும்பிக் கூட்டத்தைத் தேடினீர்கள். நான் அதற்குள் சாலைக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு நீங்கள் வரவில்லை, நானும் வரச் சொல்லவில்லை. பல மாதம் கழித்து என் கணவருக்குப் போன் செய்தீர்கள். "படம் வந்துருக்கு மாப்ள. தோதுப்பட்டா பாருங்க." கடலூருக்குப் போய்ப் பார்த்தோம். உங்கள் காட்சி வந்தது. உங்கள் வாய் அசைந்தது. வேறு யாரோ பேசினார். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது, பக்கத்தில் என் கணவரும். எனக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. திரையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கையை மட்டும். அது இறங்குவதற்காக நீங்கள் முன்னால் என்ன சொல்லவேண்டி வந்தது என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் நானே உங்களுக்குப் போன் செய்தேன். "ஞாயித்துக்கெழமை சாப்பிட வாங்க" என்றேன். "கேக்குதா?" என்றேன். "கேக்குது, கேக்குது" என்றீர்கள்.

பூசை முடிந்து நேராக வந்தீர்கள். சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தேன். என் கணவர் பாயை விரித்துவிட்டு, வேலையிருப்பதாகச் சொல்லி வெளியே போனார், நமக்காகத்தான் போனார். நீங்கள் முள் பார்த்து, நிதானமாகச் சாப்பிட்டீர்கள். கண் சரியாகத் தெரியாததால் விரலால் தடவித் தடவி முள்ளை எடுத்தீர்கள்.

"கொரல் என்னுது இல்ல, கவனிச்சியா?" என்று கேட்டீர்கள்.

"கவனிச்சேன்."

"வீடுன்னு சொல்லச் சொன்னாங்க. எனக்கு வூடுன்னே வந்துகினு இருந்துச்சு. வெளிநாட்டுல இருந்து வந்தவன் இப்படிப் பேச மாட்டான்னு மாத்திட்டாங்களாம்." சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில்தான் கேட்டேன்.

"அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க? பொண்ணு இல்லன்னு?"

கை தட்டிலேயே நின்றது. "ஒனக்கு வெக்கமா இருக்கும்னுதாம்மா."

இல்லையப்பா என்று சொல்லியிருக்கலாம். அந்தப் படத்தை எழுதியவர் அப்படித்தான் எழுதியிருப்பார். மகள் அழுவாள், அப்படியெல்லாம் இல்லை என்பாள். நீங்கள் தலையைத் தூக்காமல் காத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஆமா. வெக்கமாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"இப்ப?"

"இப்பவும்தான்."

நீங்கள் தலையை மெல்ல ஆட்டினீர்கள். கோபப்படவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "எனக்கும் அப்படித்தாம்மா. காலைல எழுந்தா அதுதான் மொதல்ல வரும்" என்றீர்கள்.

அவ்வளவுதான் நாம் பேசிக்கொண்டது. ஆறு வாரம்கூட ஆகியிருக்காது, நீங்கள் குடியிருந்த அறையின் சொந்தக்காரர் போன் செய்தார், தூக்கத்திலேயே போயிருந்தீர்கள். வந்தவர்கள் எல்லாம் படத்தைப் பற்றியே பேசினார்கள். அந்தக் காட்சியில் அழுததாகச் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டேன். எனக்கு உங்களிடமிருந்து வந்தது அந்தக் காட்சி அல்ல. அந்த வெட்கம்தான். நான் அதைத் தனியாகச் சுமக்கவில்லை, இதே ஊரில் இன்னொரு அறையில் நீங்களும் தினமும் அதைச் சுமந்துகொண்டுதான் எழுந்திருக்கிறீர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது உங்கள் பங்கையும் நானே வைத்திருக்கிறேன். இறக்கி வைக்க முடியவில்லை. இறக்கி வைத்துவிட்டால் உங்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறு எதுவும் இருக்காதோ என்றும் தோன்றுகிறது.

அன்றைக்கு அதைச் சொல்லிவிட்டு நீங்கள் தட்டை ஒரு விரற்கடை என் பக்கம் நகர்த்தினீர்கள். "இன்னுங் கொஞ்சம் கொழம்பு இருக்குமா?" என்று கேட்டீர்கள்.

இருந்தது. ஊற்றினேன்.